அவித்த விதைநெல்

விதைநெல்லை அவித்தது நான் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எழுத எழுத யார் மேலாவது இரக்கம் வந்து குழப்பிவிடுவேன், அது என் வழக்கம். அவித்தவர் என் மாமியார். ஐம்பதுகளின் கடைசியில் ஓர் ஆடி மாதம், திருவானைக்காவலிலிருந்து கல்லணைக்குப் போகிற ரோட்டை ஒட்டிய ஊரில், எங்கள் வீட்டுக் கொல்லையில் அது நடந்தது.

என்னை மணப்பாறைக்கு அந்தப் பக்கத்திலிருந்து கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். எங்கள் பக்கம் சோளம், கேப்பை, கடலை. மழை பெய்தால் விதைப்போம், பெய்யாவிட்டால் வானத்தைத் திட்டுவோம். இங்கே காவிரி, கொள்ளிடம் என்று இரண்டு ஆற்றுக்கு நடுவில் எங்கே கால் வைத்தாலும் சேறு. வந்த வருஷம் நடவுக்கு இறங்கியபோது பின்னாலேயே நகர்ந்து நடத் தெரியாமல் சேற்றில் உட்கார்ந்துவிட்டேன். நடவுப் பெண்களுக்கெல்லாம் மூத்தவளாக ஓர் அக்கா இருந்தாள். அவள்தான் இடுப்பில் கைகொடுத்துத் தூக்கிவிட்டாள். மாமியார் அதை வாய்க்கால் படித்துறையில் நின்று சொன்னார். "புஞ்சைக்காட்டுப் பொண்ணு, காலை எடுத்து வைக்கிறதுக்கு நல்ல நேரம் பாக்குது" என்றார். ஒரு வாரம் அந்தப் படித்துறைப் பக்கம் நான் போகவில்லை.

மாமியாரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஊரில் நெல் சம்பந்தமான எந்தக் கேள்விக்கும் அவரிடம்தான் வருவார்கள். நெல்லைக் கையில் அள்ளிப் பார்த்து இன்னும் ஒரு வெயில் காய வேண்டும் என்பார், அப்படியே இருக்கும். கல்யாண வீட்டுக்கு நெல் அவிக்க அவரைக் கூப்பிடுவார்கள். அவர் அவித்த நெல்லில் அரிசி உடையாது என்று பேர். அந்தப் பேரை அவர் புடவை மாதிரி சுற்றிக்கொண்டுதான் வெளியே போவார். தப்பு என்பது மற்றவர்கள் செய்கிற காரியம் என்பது அவர் எண்ணம், அதில் மற்றவர்கள் என்றால் பெரும்பாலும் நான்.

எங்களுக்குச் சொந்தமாக ஒரு குழி நிலம் கிடையாது. ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதிக்காரர் ஒருவருடைய ஆறு மா நிலத்தை, அதாவது இரண்டு ஏக்கரை, வாரத்துக்குப் பயிர் செய்தோம். விளைந்ததில் அவருக்கு ஒரு பங்கு, எங்களுக்கு ஒரு பங்கு. அவரைச் சாமி என்று சொல்வோம். அந்த வயல் நெல்லைத்தான் அவர் வீட்டுப் பெருமாளுக்குத் தளிகை பண்ணப் பச்சரிசியாக எடுத்துக்கொள்வார். அந்த ஆனி மாதம் குடையைப் பிடித்துக்கொண்டு வந்து வரப்பில் நின்றார். "போன வருஷம் பயிர் சுமார்தான். இந்த வருஷமும் கோளாறு வந்தா வயலை உன் அண்ணன்கிட்ட விட்டுடுவேன், அவன் கேட்டுண்டே இருக்கான்" என்றார். அண்ணன் என்றது என் வீட்டுக்காரரின் பெரியப்பா மகனை. எனக்கு மூத்தார் முறை. அவர் வயல் எங்கள் வயலுக்குப் பக்கத்திலேயே இருந்தது, கண்ணும் பக்கத்திலேயே இருந்தது. வயல் போனால் நாங்கள் கூலிக்குத்தான் போக வேண்டும். என் வீட்டுக்காரர் அன்று பாதிச் சோற்றில் எழுந்துவிட்டார்.

விதைநெல்லை முளைகட்டுவதற்கு முன்னால் ஒரு நாள் தண்ணீரில் ஊற வைக்க வேண்டும். வழக்கமாக மூட்டையாகக் கட்டி வாய்க்காலில் போட்டுவிடுவார்கள். வாய்க்காலில் மூட்டை கிடந்தால் அது விதை என்று குழந்தைக்கும் தெரியும். அந்த வருஷம் தண்ணீர் தாமதம், வாய்க்காலில் தவளைகூட இல்லை. கிணற்றில் இறைத்து வீட்டிலேயே ஊற வைக்கலாம் என்று முடிவு செய்தார் என் வீட்டுக்காரர். அவ்வளவு நெல்லுக்குப் பாத்திரம் வேண்டுமே. வீட்டில் பெரிசு என்றால் நெல் அவிக்கிற அண்டாதான். அது கொல்லையில் கோட்டை அடுப்பின் மேலேயே வருஷம் முழுக்க உட்கார்ந்திருக்கும், இறக்கி வைக்க நாலு ஆள் வேண்டும். அதில் விதைநெல்லைக் கொட்டித் தண்ணீரை ஊற்றிவிட்டுப் போனார்.

சாப்பாட்டு நெல்லை அவிப்பதற்கும் முதலில் ஊறத்தான் வைக்க வேண்டும். அதே அண்டா, அதே அடுப்பு. "அம்மாகிட்ட சொன்னேன்" என்று அவர் பிறகு சொன்னார். "எப்ப சொன்னே" என்று மாமியார் கேட்டார். அந்த வழக்கு கடைசி வரை தீரவில்லை.

காலையில் நான் புல்லறுக்கக் கொள்ளிடக்கரைக்குப் போயிருந்தேன். அவர் நாற்றங்காலுக்கு வரப்புக் கழிக்கப் போயிருந்தார். மாமியார் கொல்லைக்கு வந்து பார்த்திருக்கிறார். அடுப்பு மேல் நெல் ஊறிக் கிடக்கிறது. முதல் நாள்தான் என்னிடம், "வீட்டுல அரிசி தீருது, நெல்லை ஊற வையி" என்று சொல்லியிருந்தார். நான் வைக்கவில்லை. ஆனால் வைத்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டார். ஊற வைத்தவள் அவிக்காமல் ஊர் சுற்றப் போய்விட்டாள் என்று என்னைத் திட்டிக்கொண்டே உமியை அள்ளிப் போட்டு அடுப்பை மூட்டியிருக்கிறார்.

நான் புல்லுக்கட்டோடு தெருமுனையில் திரும்பும்போதே வாசனை வந்தது. நெல் அவிக்கிற வாசனை எனக்குப் பிடிக்கும், வெறும் வயிற்றில் அதை மோந்தால் பசி இரண்டு மடங்காகும். யார் வீட்டிலோ அவிக்கிறார்கள் என்று நினைத்தேன். வாசலில் நெல் பரத்தியிருந்தது, ஆவி போய்க்கொண்டிருந்தது. மாமியார் காலால் கிளறிக்கொண்டே, "மகாராணி வந்துட்டியா" என்றார். நான் புல்லுக்கட்டைப் போட்டுவிட்டுக் கொல்லைக்குப் போய் அண்டாவை எட்டிப் பார்த்தேன். காலியாக இருந்தது. திரும்பி வந்து, "அத்தை, அது விதைநெல்லு" என்றேன். அவர் கால் அப்படியே நின்றது.

என் வீட்டுக்காரர் மண்வெட்டியோடு வந்து சேர்ந்தார். நெல்லைப் பார்த்தார். ஒன்றை எடுத்துக் கடித்தார். "வெந்திருக்கு" என்றார். பிறகு போய் மாட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

"நெல்லு அடுப்பு மேல ஊறுனா அவிக்காம என்ன பண்றது, ஆரத்தியா எடுக்குறது?" என்றார் மாமியார். கொஞ்சம் நெல்லைக் கையில் அள்ளிப் பார்த்து, "விதைன்னு நெல்லுல எழுதியா இருக்கு?" என்றார். அப்புறம் அவர் முகம் மாறியது. அவ்வளவு பயந்த முகத்தை அவரிடம் நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. "இது வெளியில தெரிஞ்சுது, நான் ஆத்துல விழுந்துருவேன்" என்றார். ஆற்றில் அப்போது மணல்தான் இருந்தது. ஆனாலும் நாங்கள் இரண்டு பேரும் வெளியில் வாயைத் திறக்கவில்லை.

வேறு விதை கேட்டு ஒரு வீட்டு வாசலில் நின்றால் ஏன் என்று கேட்பார்கள். ஆடியில் எந்த வீட்டிலும் ஆறு மாவுக்கு ஆகிற அளவு விதை கூடுதலாக இருக்காது. கொஞ்ச நாளில் வாய்க்காலில் தண்ணீர் வந்தது, ஊர் முழுக்க ஒரே நேரத்தில் நாற்றங்காலில் விதை தெளித்தார்கள். எங்களுடையது மட்டும் வெறும் சேறாகக் கிடந்தால் அன்று பொழுது சாய்வதற்குள் சேதி ஸ்ரீரங்கம் போய்விடும். அதற்கும் மாமியார்தான் வழி சொன்னார். முளைக்காமல் போவது எல்லார் வீட்டிலும் எப்போதாவது நடக்கிறது, அதில் அவமானம் இல்லை. ஆகவே அவித்த நெல்லையே கொஞ்சம் கொண்டுபோய்த் தெளிப்பது.

தெளித்தோம். என் வீட்டுக்காரர் கிழக்கே பார்த்துக் கும்பிட்டுவிட்டு, வெந்த நெல்லைக் கை நிறைய அள்ளி விசிறினார். அதற்குக் காவலும் போட வேண்டும், போடாவிட்டால் சந்தேகம் வரும். நான் தகர டப்பாவைத் தட்டிக்கொண்டு வரப்பில் நின்று சிட்டுக்குருவி விரட்டினேன். குருவிகளுக்கு அந்த வருஷம் எங்கள் நாற்றங்கால்தான் பிடித்திருந்தது. மிச்ச நெல்லை அரைத்துச் சோறாக்கினோம். பொறுக்கி எடுத்த விதைநெல் இல்லையா, அப்படி ஒரு சோறு அதற்கு முன்னால் நான் சாப்பிட்டதில்லை. மாமியார் அதில் ஒரு வாய் சாப்பிடவில்லை. கேப்பை இருந்தால் களி கிண்டு என்றார், அன்றிலிருந்து அவருக்குக் களிதான். ஏன் என்று கேட்க எனக்குத் தைரியமில்லை, ஆசையும் இல்லை.

மற்ற நாற்றங்கால்கள் பச்சை கட்டின. எங்களுடையது சேறாகவே இருந்தது. ஒரு நாள் நான் வாய்க்காலில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தேன். மேட்டில் மாமியார் யாரிடமோ பேசுவது கேட்டது. "சாயங்காலமானா நாத்தங்கால்ல தண்ணிய வடிச்சுடுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். இந்தப் பொண்ணு வடிக்கலே. விதை அழுகிப் போச்சு. புஞ்சைக்காட்டுல பொறந்தது, அதுக்கென்ன தெரியும்?"

விளக்கின பாத்திரத்தையே திரும்ப விளக்கினேன். எழுந்து போய்க் கேட்டிருக்கலாம். வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் கேட்டேன்.

"அம்மாதானே, சொன்னா சொல்லிட்டுப் போவுது" என்றார்.

"அப்ப உங்க பேரைச் சொல்லச் சொல்லுங்க."

"என் பேரைச் சொன்னா சாமி வயலைப் புடுங்கிடுவாரு. பொம்பளை தெரியாம பண்ணுனதுன்னா விட்டுடுவாரு."

அதில் ஒரு கணக்கு இருக்கத்தான் செய்தது. அதனால்தான் கோபம் இன்னும் அதிகமாயிற்று. வயல் எனக்கும்தான் வேண்டும், ஆகவே நானும் வாயை மூடிக்கொண்டேன்.

இந்த ஊர்க்காரர் யாரோ காளை பிடிக்க மணப்பாறைச் சந்தைக்குப் போயிருக்கிறார்கள். சேதி அங்கே என் அப்பா காதில் விழுந்தது. பஸ் ஏறி வந்துவிட்டார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல், "ஏம்மா, தண்ணி வடிக்க மறந்துட்டியா?" என்று கேட்டார். தெருவில் ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். மாமியார் கதவோரம் நின்றார், முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே. "ஆமாப்பா" என்றேன். அப்பா மாமியாரைப் பார்த்துக் கைகூப்பி, "சின்னப் பொண்ணு, கத்துக்கும். நீங்கதான் பொறுத்துக்கணும்" என்றார். மாமியார், "அதுக்கென்ன சம்பந்தி, நம்ம பொண்ணுதானே" என்றார். அந்தக் கைகூப்பலை இப்போதும் என்னால் மறக்க முடியவில்லை.

நடவு வந்தது. நாற்று இல்லாமல் எதை நடுவது? ஆனால் ஒவ்வொரு வீட்டிலும் நடவு முடிந்ததும், "நாத்து கொஞ்சம் மிச்சம் கெடக்கு, வேணும்னா எடுத்துக்கங்க" என்று ஆள் வந்து சொன்னது. மிச்ச நாற்றை யாரும் விற்கமாட்டார்கள், வரப்பில் போட்டுவிட்டுப் போவார்கள், தேவைப்பட்டவர்கள் எடுத்துக்கொள்வார்கள். அது ஊர் வழக்கம். "வீணாப் போறதுக்கு நாம எடுத்துக்கிட்டா என்ன" என்று மாமியார் ஏதோ உதவி செய்கிற மாதிரி எடுத்து வரச் சொன்னார். மூத்தார் வீட்டிலிருந்தும் வந்தது. ஆச்சரியமாக, ஆறு மாவும் நிறைந்துவிட்டது.

ஆனால் ஒருவர் வீட்டில் கிச்சிலிச் சம்பா, ஒருவர் வீட்டில் சிறுமணி, ஒருவர் வீட்டில் கட்டைச் சம்பா. எல்லாம் எங்கள் வயலில் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. ஒரு மூலை இடுப்புக்கு, ஒரு மூலை முழங்காலுக்கு. சைக்கிளில் வருகிற சர்க்கார் ஆள் கிராம சேவக், ஜப்பான் முறையில் கயிறு பிடித்து நடச் சொல்லிக்கொடுக்கிறவர், வரப்பில் நின்று வெகுநேரம் பார்த்தார். "இது என்ன ரகம்?" என்றார். "எல்லா ரகமும்ங்க" என்றார் என் வீட்டுக்காரர். கிராம சேவக் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்.

தையில் அறுப்புக்கு முன்னால் சாமி வந்தார். அக்கம்பக்கத்து வயல்களில் அறுப்பு, நாங்களும் அரிவாளோடு இறங்கியிருந்தோம், ஊரே அங்கேதான் இருந்தது. அவர் வயலை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை பார்த்தார். ஒரு பக்கம் கதிர் பழுத்துச் சாய்ந்திருந்தது, ஒரு பக்கம் பால் பிடித்துக்கொண்டிருந்தது.

"என்னடா இது, பந்தி மாதிரி இருக்கு. ஒருத்தன் சாப்பிட்டு எழுந்துட்டான், ஒருத்தனுக்கு இப்பதான் இலையே போட்டிருக்கு. இதை எப்படிடா பெருமாளுக்குத் தளிகை பண்றது? ஒரு அரிசி குழைஞ்சா ஒரு அரிசி வேகாது."

"விதை முளைக்கலே சாமி" என்றார் என் வீட்டுக்காரர்.

"கேள்விப்பட்டேன். உன் ஆத்துக்காரி தண்ணியை வடிக்கலையாம். அடுத்த வருஷமும் இவதானே நாத்தங்கால் பாக்கப் போறா? இவளுக்குத் தெரியாதுன்னா வருஷா வருஷம் இதே கதைதான். உன்மேல எனக்குக் கோபமில்லை. வயலை உன் அண்ணன்கிட்ட விட்டுடு."

பொம்பளை என்றால் விட்டுவிடுவார் என்று போட்ட கணக்கு அங்கே முடிந்தது. என் வீட்டுக்காரர் குனிந்து மண்ணைப் பார்த்தார். நான் மாமியாரைப் பார்த்தேன். இவர் இப்போதும் சொல்லாவிட்டால் நானே கத்திச் சொல்லிவிடுவது, பிறகு மணப்பாறைக்கு நடந்தே போய்விடுவது என்று இருந்தேன். மாமியார் அரிவாளைக் கீழே வைத்தார். வரப்பில் ஏறி சாமிக்கு எதிரே போய் நின்றார்.

"அவ ஒண்ணும் பண்ணலே சாமி. விதைநெல்லை நான்தான் அவிச்சிட்டேன்."

அறுத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் நிமிர்ந்தார்கள். சாமி குடையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, "அவிச்சுட்டயா? விதையையா?" என்றார்.

"அண்டாவுல ஊறுச்சு. சோத்து நெல்லுன்னு நெனச்சு அடுப்பைப் பத்த வச்சிட்டேன். அதைச் சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு இந்தப் பொண்ணு தலையில போட்டேன்." குரல் உடைந்துவிட்டது. ஊரார் முன்னால் அவர் அழுது பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

சாமி குடையை மடக்கினார். தெரியாதவள் வருஷா வருஷம் தப்பு பண்ணுவாள், தெரிந்தவள் ஒரு நாள் கை தவறினால் அடுத்த வருஷம் பண்ணமாட்டாள் என்பது அவருக்கும் புரிந்திருக்க வேண்டும். "சரி, வயல் உங்ககிட்டயே இருக்கட்டும். இந்த நெல்லை நீங்களே வெச்சுண்டு, என் பங்குக்கு யார்கிட்டயாவது ஒரே தினுசா மாத்திக் குடு" என்றார்.

மூத்தார் அப்போதுதான் வாயைத் திறந்தார். "என் நெல்லுலேருந்து மாத்திக் குடுக்கிறேன் சாமி" என்றார். பிறகு மாமியார் பக்கம் திரும்பி, "அழுவாதீங்க சின்னம்மா. எங்களுக்கு அன்னிக்கே தெரியும். நீங்க அவிச்ச வாசனை எங்க வாசல் வரைக்கும் வந்துச்சு. முந்தின நாள் தம்பி விதையை அண்டாவுல கொட்டுனதையும் பாத்தோம். கொஞ்ச நேரத்துல அது மாட்டுகிட்ட போயி உக்காந்திருக்கு. வாசல்ல பரத்தியிருக்கிறது விதைன்னு யாருக்குத் தெரியாது? அதனாலதானே ஆளாளுக்கு நாத்தங்கால்ல கூடக் கொஞ்சம் தெளிச்சோம். மிச்சம்னா அவ்வளவா மிச்சம் ஆவும்?" என்றார்.

மாமியாருக்கு அழுகை நின்று கோபம் வந்துவிட்டது. "தெரிஞ்சுக்கிட்டேவா என்னை இத்தனை மாசம் களி திங்க விட்டீங்க?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். சாமிகூடச் சிரித்தார். என் வீட்டுக்காரரும் சிரித்தார். வயல் எங்களிடமே நின்றது, எனக்கும் நெஞ்சு நிறைந்துதான் இருந்தது. ஆனால் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் பழுத்த மூலையை மட்டும் அறுத்தோம். அந்த நடவு அக்கா எனக்குப் பக்கத்தில் இருந்தாள்.

"எல்லாருக்கும் தெரியுமாமேக்கா" என்றேன்.

"தெரியும்."

"அப்ப நான் பண்ணலேங்கிறதும் தெரியும். எங்கப்பா வந்து கைகூப்பிட்டுப் போனாரே, நீங்களும்தானே தெருவுல நின்னீங்க. ஒருத்தராவது வாயைத் திறந்திருக்கலாமில்ல?"

அக்கா அறுப்பை நிறுத்தவில்லை. "உன் மாமியா பேரு போனா, இந்த வயசுல அது எங்க போயி இன்னொரு பேரு வாங்கும்? நீ நேத்து வந்தவ. உனக்குப் போறதுக்கு என்னா பேரு இருந்துச்சு?" என்றாள்.

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. என் கையில் இருந்த கதிர் ஊரார் கொடுத்த நாற்றில் விளைந்தது. கதிர்க்கட்டைக் கட்டி முடித்து, தலையில் தூக்கிவிடச் சொன்னேன். தூக்கிவிட்டாள்.